பனிக்கடலில் நீந்திய குட்டிகள்

ரோலாவிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த கப்பல் சமையல்காரர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"பனிக்கரடிக்கு முடிதான் வெள்ளை மச்சான், தோலு கருப்பு!"

"நீ பாத்தியா?"

"தோலு விஷயம் கேப்டன் சொன்னாரு. கரடிய நானே பாத்தேன். வடக்கே போனப்ப தாயும் ரெண்டு குட்டியும் கடல்ல நீந்துச்சு."

"அந்தக் குளிர்லயா? செத்துடாதா?"

"தாய்க்குத் தோலுக்கடியில அவ்வளவு கொழுப்பு. குட்டிக்கு ஏது? ஒண்ணு பின்தங்கிருச்சு. எங்களுக்கு உசுரே இல்ல. தாய் திரும்பி வந்து முதுகுல ஏத்திக்கிச்சு!"

"அப்புறம்?"

"ஐஸ்ல ஏறி மூணும் உடம்ப உதறுச்சு பாரு, கப்பலே கத்துச்சு!"

நண்பர் கைதட்டிவிட்டார். எதிர் சீட்டிலிருந்த பெங்காலி, "க்யா ஹுவா பாய்?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டார். சமையல்காரர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இந்தியில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.