ஒரு தடவை கேட்டால் போதாதா

எனக்கு எதுவும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க வேண்டும், ஐயா. அதைத் தவிர என்னிடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. நீங்கள் கொடுத்த டீயில்கூட ஆடையை எடுத்து ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் குடித்தேன்.

பெட்டக அறைகளுக்குக் கதவு செய்கிற கம்பெனி எங்களுடையது. கதவுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும். வேலை நாளில், வேலை நேரத்தில் மட்டும்தான் அது கதவைத் திறக்கும். அதன் அஸ்திவாரமான நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதற்குள் டிரைவர் என்று ஒன்று உண்டு. வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கடிகாரச் சிப்பிடம் போய்த் தேதியும் மணியும் கேட்டு வருகிற சில வரிகள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் இந்த வரிகள் போய்க் கேட்டு வரும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் தானே எண்ணிக்கொள்ளும்.

அந்த வரிகளை எழுதியவர் என் மச்சான். மனைவியின் அண்ணன், ஆபீசில் எனக்கு மேலதிகாரியும் அவர்தான். தங்கமான மனிதர். என்ன, எதையும் இரண்டு தடவை கேட்பார். "சாப்பிட்டியா மாப்ளே?" என்பார். சாப்பிட்டேன் என்றால், என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்பார். கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சிய நல்லா பாத்துக்குவல்ல?" என்று கேட்டார். தலையாட்டினேன். மறுபடியும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அவர் எழுதிய நிரலும் அவரைப் போலவே. சிப்பிடம் நேரம் கேட்கும். உடனே மறுபடி கேட்கும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் நம்பும். இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பாவம், தன் பாட்டுக்கு வேலை செய்கிற ஒரு சிப்பை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தால் எப்படி இருக்கும்? நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி, அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டேன். பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. "டெஸ்ட் பண்ணிட்டியா?" என்றார். பண்ணிவிட்டேன் என்றேன். "பண்ணிட்டியா?" என்றார். பிறகு ஆபீசில் சோதனைக்காகக் கட்டி வைத்திருக்கிற பெட்டக அறைக்குள் அவரே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிப்பின் தேதியை இரண்டாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷத்தின் கடைசி நொடிக்கு வைத்து, கம்ப்யூட்டரை எழுப்பினார். இருபத்தொன்பது முப்பதாகிற கணத்தில் எட்டிப் பார்த்தால், முன்னால் இருக்கிற இரண்டு மூன்றாகியிருக்கும், பின்னால் இருக்கிற பழைய ஒன்பது இன்னும் போயிருக்காது. முப்பத்தொன்பது என்று பதில் வந்தது. மறுபடி கேட்டிருந்தால் முப்பது என்று சரியாகச் சொல்லியிருக்கும். கேட்க வேண்டிய வரிதான் இல்லையே.

முப்பத்தொன்பதாம் வருஷத்துக்கு வேலை நாள் அட்டவணையை யாரும் இன்னும் போடவில்லை. அட்டவணையில் இல்லாத நாளெல்லாம் கதவுக்கு விடுமுறை. பூட்டிக்கொண்டது. கரண்ட்டை நிறுத்தினாலும் பேட்டரியில் ஓடும். பூட்டிய பிறகு யார் சொல்லும் எடுபடாது. என் ஒப்புதலோடு வருகிற புது நிரலை மட்டும் ஏற்றுக்கொண்டு, மறுபடி கண் விழித்து நேரம் கேட்கும். அந்தப் பொறுப்பை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் மச்சான்தான்.

கதவோரம் ஒயர் போகிற துளை ஒன்று உண்டு. என் மனைவி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழாய் விட்டுத் தண்ணீரும் பாலும் கொடுத்தாள். "ஏங்க, எடுத்த வரிய திரும்பப் போட்டுடுங்க. அண்ணன் வெளிய வரட்டும்," என்றாள். போட்டிருக்கலாம். ஆனால் கூட்டித் தள்ளிய குப்பையை யாராவது மறுபடி வீட்டுக்குள் அள்ளிக்கொண்டு வருவார்களா? இதைவிடச் சுத்தமான வழி ஒன்றை யோசிக்கிறேன் என்றேன். யோசிப்பதில் அவசரப்படக் கூடாது. வீட்டுக்குப் போய்க் குளித்தேன், தூங்கினேன், அலமாரியை அடுக்கினேன். மறுநாளும் யோசித்தேன். அதற்கு மறுநாளும்.

ஆபீசில் எல்லோரும், "அவருக்கு நேரம் சரியில்லை," என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான் என்பதால் நான் மறுக்கவில்லை.

உள்ளே மச்சானின் குரல் கம்மிக்கொண்டே வந்தது. கடைசியாக, "திறந்துடுவல்ல மாப்ளே?" என்றார். திறந்துவிடுவேன் என்றேன். துளையில் காதை வைத்துக் காத்திருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு வழியாகப் பழகிக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் மனைவிதான் போலீசுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டாள். உங்கள் ஆட்கள் சுவரை இடித்ததில் அறை முழுக்க ஒரே தூசி. மச்சான் பிழைத்துக்கொண்டார் என்று சொன்னீர்கள். நல்லது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "எங்க மாப்ள சாப்பிட்டானா?" என்று நர்ஸிடம் கேட்டாராம். இரண்டு தடவை. பாருங்கள், இவ்வளவு பட்டும் திருந்தவில்லை.

நீங்களும் அதே ரகம்தான் ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். எண் மாறுகிற கணத்தில் கேட்டால் தப்பாக வரும் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டீர்கள். தெரியும், ஐயா. மச்சானே உட்கார வைத்து விளக்கியிருக்கிறார், இரண்டு தடவை. அந்தக் கடைசி நொடியை வைத்துப் பாருங்கள் மச்சான் என்று சொன்னதும் நான்தான். ஒரு தடவைதான் சொன்னேன். உடனே நம்பிவிட்டார்.

என் இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிக்கொள்கிறீர்கள். முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால், நான் பொய் சொன்னதாகவே ஆகியிருக்காது.