அத்தனை சுவிட்சையும் அணைத்த வீடு

அலோ… அலோ… மோகனப்பிரியாவா? அப்பன் பேசறேன் அம்மிணி… வெண்ணந்தூர்ல இருந்துதான், வேற எங்கிருந்து பேசப்போறேன்… ஆமா, ஆமா… சத்தமாப் பேச முடியாது சாமி. கேக்குதா?… சரி. மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் இந்த நாக்கு அழுகிப் போகட்டும். கொலதெய்வத்து மேல ஆணை… சிரிக்காதே. மனுசன் உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன்.

நம்மூட்டுல கரண்டக் குடிக்கிற பேய் ஒண்ணு பூந்திருச்சு.

…இல்ல. இல்லம்மா. நான் எதையும் குடிக்கல. டீகூடக் குடிக்கல.

…கேளு. உங்கம்மா வாழப்பாடிக்குப் போனாளல்ல, உங்க சின்னம்மா வள்ளியாத்தா பேத்திக்குக் காதுகுத்துன்னு… ஆமா, ஆமா… போறவ சும்மா போனாளா? மீட்டருக்கு முன்னால நின்னு அதப் போட்டோ புடிச்சுட்டுப் போனா. "வந்து பாப்பேன். இந்த ரெண்டு மாசக் கணக்கு ஐநூறு யூனிட்டத் தாண்டுச்சு, மாப்பிள்ளை மாட்டிக் குடுத்த ஏசியக் கழட்டி வள்ளி ஊட்டுக்கு ஏத்தி உட்டுருவேன்"னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா. செய்ய மாட்டாளா? நம்ம கிரைண்டர் எங்க போச்சுன்னு நெனச்சே?

…அதேதான். அதனால நானும் சிக்கனத்துல எறங்கிட்டேன். டிவியில செவப்பா ஒரு பொட்டு எரியுமே, அதுவும் கரண்ட் குடிக்கும்னு நீ சொன்னியல்ல? சொவத்து சுவிட்சவே அமத்திப்போட்டேன்… சீரியலா? எதுத்த ஊட்டு ராசப்பன் டிவி நம்ம சன்னல்ல நல்லாத் தெரியுது. படம் அவனுது, வசனம் நான் பேசிக்கறேன். நேத்து நான் பேசுன பேச்சுக்கு, அங்க உக்காந்து ராசப்பன் பொண்டாட்டி தேம்பித் தேம்பி அழுவறா.

…இஸ்திரிப்பொட்டியத் தொடவே இல்ல. சட்டைய மெத்தைக்கடியில வெச்சுப் படுத்து எந்திரிச்சா மடிப்பு கத்தியாட்டம் நிக்குது. அந்தச் சட்டையில காய் அரியலாம்.

…ஃபேனும் அமத்தியாச்சு. ஃபேன் நிக்கும், அதுக்கடியில நான் சுத்தி வருவேன். ரெண்டுல ஒண்ணு சுத்துனாப் போதும், காத்து ஒண்ணுதான்… தலை சுத்தாம இருக்குமா? சுத்துச்சு. அப்பத்தான் இன்னும் நல்லாக் காத்து வந்துச்சு.

…லைட்டா? நெலக்கண்ணாடியச் சாச்சு வெச்சுத் தெரு வெளக்க ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன். அது திரும்பிப் போய்ப் பக்கத்தூட்டுக் கூண்டுல அடிச்சு, சேவலு பொழுது உழுந்ததும் எந்திரிச்சுக் கூவுது. சரி, அத உடு.

இத்தனையும் பண்ணிப்போட்டு இன்னிக்கு மத்தியானம் போய் மீட்டரப் பாக்கறேன்… அம்மிணி… அந்தச் செவப்பு லைட்டு என்னையப் பாத்துக் கண்ணச் சிமிட்டுது. நிக்காமச் சிமிட்டுது. அத்தன சுவிட்சும் அமத்துன ஊட்டுல எவன் கரண்டக் குடிக்கறது? 

…இரு, போனச் சொவத்துப் பக்கம் நீட்டறேன். கேளு… உர்ர்ருனு… கேட்டுச்சா?… வண்டா? எந்த வண்டு இப்படி மூச்சு உடும்? சொவத்துக்கு அந்தப்பக்கம் சொட்டுச் சொட்டாத் தண்ணி வேற உழுவுது. மழை ஏது இப்ப? பேயிக்கு எச்சி ஊறுது.

…குளுருதுதான். அதெப்படிக் கண்டுபுடிச்சே?… ஆமா, பல்லு கிட்டித்தான் பேசறேன். சித்திரை வெய்யில்ல ஒருத்தனுக்கு இப்படி வெடவெடங்குதுன்னா, பயமில்லாம வேறென்ன? கதவு, சன்னல் எல்லாத்தையும் சாத்திப்போட்டு ஒரு துணியப் போத்திட்டு உக்காந்திருக்கறேன்.

…ஏசியா?… எந்த ஏசி?

…ஓ, அதுவா. அத நான் எப்படிப் போடறது? உங்கம்மா போறப்பவே இளம்பிள்ளைத் தறியில எடுத்த அவளோட சேலைய அதுக்கு மேல போத்தி, சணல்ல கட்டி, அவளுக்கு மட்டும் தெரிஞ்ச முடிச்சாப் போட்டுட்டுப் போயிருக்கறா. அந்தப் பக்கம் நான் அண்ணாந்துகூடப் பாக்கல… சத்தியமா. அதான் ஆரம்பத்துலயே ஆணை போட்டுட்டனே.

…சரி, சரி. நேரமில்ல. நீ ஒரு ஒத்தாசை பண்ணு. உங்கம்மாளுக்கு இப்பவே போனப் போட்டு, "மீட்டர் கோளாறாட்டம் இருக்குது, இங்க சூரமங்கலத்துலயும் இப்படித்தான் தாறுமாறா ஓடுது"ன்னு சொல்லிப்போடு. நீ சொன்னா நம்புவா. நான் சொன்னா எதத்தான் நம்பியிருக்கறா?

…ராசிபுரத்துல பஸ் ஏறிட்டாளா? எப்பச் சொன்னா?… அய்யய்யோ.

…அம்மிணி, இது வெளையாட்டில்ல. போன சித்திரையில மூச்சு முட்டி, என்னையத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனீங்களே. அந்தப் பயம் இன்னும் நெஞ்சுல கெடக்குது சாமி. அதுக்குத்தானே மாப்பிள்ளை அந்தப் பொட்டிய மாட்டுனாரு. அதக் கழட்டிட்டுப் போயிட்டா… இல்ல, அழுவல. யாரு அழுவறா?

…இரு. வாசக் கேட்டுத் தொறக்கற சத்தம்.

வந்துட்டா. சன்னல் சந்துல பாக்கறேன்… பைய கீழ வெக்கறா. ஊட்டுக்குள்ள வரல. நேரா மீட்டருகிட்டப் போறா… செல்போன எடுத்துட்டா. போட்டோவப் பாக்கறா… மீட்டரப் பாக்கறா… மறுபடியும் போட்டோவப் பாக்கறா… மூக்குக்கண்ணாடியத் தொடைக்கறா. இப்பப் போடு அம்மிணி, அவளுக்குப் போனப் போடு!… இத வெச்சாத்தான் போட முடியுமா? வேண்டாம், வேண்டாம், வெச்சுறாதே, தொணைக்கு இரு.

அவ தலையில ஒரு சொட்டு உழுந்துருச்சு. தொடச்சு மோந்து பாக்கறா… மேல பாக்கறா…

ஜானகி… இதோ வாரேன், இதோ கதவத் தொறக்கறேன்!

…என்ன அம்மிணி? சட்டுனு கேளு… எந்தத் துணி? நான் போத்திட்டிருக்கறதா?

…இளம்பிள்ளைச் சேலைதான், சாமி.