அரை நொடி எங்கிருந்து வந்தது?

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, ஐந்து நிமிடம்தான் என்று இப்போதே விரலை விரிக்கும் விழாச் செயலாளரே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் என் சகலையே, வணங்கித் தொடங்குகிறேன்.

வேகத்துக்காக எனக்கு இந்தக் கேடயம். எந்த வேகத்துக்கு என்றுதான் விளங்கவில்லை.

இதுவரை இரத்தம் வேண்டுமென்றால் செவிலியர் இரத்த வங்கியைத் தொலைபேசியில் கேட்டார்கள். நாளைக் காலை எட்டு மணி முதல், நோயாளியின் எண்ணைத் தட்டினால், பொருந்தும் இரத்தம் எந்த அலமாரியில் என்று திரையே சொல்லும். அரை நொடியில் சொல்ல வேண்டும். அறுவை மேசையில் கிடப்பவருக்கு நொடி என்பது நேரமா? உயிரல்லவா? சோதித்துப் பார்த்து, சொல்லும் என்று கையெழுத்திட வேண்டியவன் நான்.

மூன்றாண்டுகளுக்கு முன் பதிவுக் கூடத்து மென்பொருளைச் சோதித்தவர் என் சகலை. சிரிக்காதீர்கள், பின்வரிசை நண்பர்களே. என் மனைவியும் வந்திருக்கிறார். சகலை ஒரே நோயாளியின் எண்ணைப் பத்தாயிரம் முறை கேட்டார். கேட்டதையே கேட்டால் கணினி நினைவிலிருந்து எடுத்து நீட்டும். உள்ளே போய்த் தேடாது. "வேகம் பிரமாதம்" என்று எழுதினார். திறந்த அன்றே வரிசை வாசலைத் தாண்டியது. அவருக்குப் பதவி உயர்வு. முன்பே எச்சரித்த எனக்கோ, கீழ்த்தளத்தில் அச்சுப்பொறிகளுக்கு நடுவே ஒரு மேசை. மறந்தேனா? மறக்கவில்லை. மன்னித்தேனா? அதைக் கேட்காதீர்கள்.

ஆகவே இம்முறை பத்தாயிரம் நோயாளிகளின் வெவ்வேறு எண்களைப் பொறுக்கிப் பட்டியலிட்டேன். திங்களன்று ஓட்டினேன். பதில் வரப் பதினொரு நொடி. செவ்வாயன்று ஓட்டினேன். அரை நொடி.

டேட்டாபேஸைக் கவனிக்கும் அம்மையாரிடம் ஓடினேன்.

"என்னம்மா மாத்துனீங்க?"

"நான் கையே வைக்கல சார். நீங்கதான் சரி பண்ணிட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

சகலை தோளைத் தட்டினார். "மெதுவா வந்தாலும் சண்டை, வேகமா வந்தாலும் சண்டையா? பேசாம கேடயத்தை வாங்கிக்கோங்க சகலை."

யார் செய்த வேகம் இது? கம்பியா, கணினியா, கடவுளா? குழம்பிக்கொண்டேதான் மேடை ஏறினேன். சற்றுமுன் செயலாளர் என்னைப் புகழ்ந்தார்: "அதே பட்டியலை இருமுறை ஓட்டி உறுதி செய்தவர்." அதே பட்டியல். அங்கேதான் எனக்கு வியர்த்தது.

சகலை ஒன்றைப் பத்தாயிரம் முறை கேட்டார். நான் பத்தாயிரத்தை இருமுறை கேட்டேன். இவ்வளவுதானா எங்கள் இருவருக்கும் வேறுபாடு? இதுதானா காரணம்? என்ன ஐயா, இதுவேதான் என்கிறீர்களா? இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தெரியாத வேகத்தை நம்பி, முகம் தெரியாத ஒருவரை மேசையில் கிடத்தலாமா? தாமதத்துக்குக் காரணம் தேடுகிறோம். வேகத்துக்குக் காரணம் தேடினோமா?

இயக்குநர் அவர்களே, நாளை எட்டு மணிக்கு என் கையெழுத்து வராது. ஒரு நாள் தாருங்கள்; இதுவரை கேட்காத எண்களைக் கேட்டுப் பார்க்கிறேன். நாளையும் தொலைபேசி மணி ஒலிக்கட்டும். சகலை, எழுந்து போகாதீர்கள். இந்தத் தவறை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த அவையில் நீங்கள் ஒருவர்தான். நாளைக்கு என் மேசைக்கு வாருங்கள், இருவருமாகத் தேடுவோம்.

குழப்பத்தையும் கைதட்டிக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.