கொரகொரப்புக்குள் ஒரு குரல்

— ரேடியோவோட ஹெட்போன் துளையில வயரைச் சொருகினா வேலைக்காகாது அண்ணி. பெட்டியைத் திறந்து உள்ளேருந்து ஒரு கம்பி எடுக்கணும்.

— எடு தம்பி. அதுக்குத்தானே பஸ் ஏறி உன் கடைக்கு வந்தேன். மூணு மாசம் முன்னாடி வரைக்கும் தீயணைப்பு வண்டிங்க பேசுறது இந்த ரேடியோவுல பளிச்சுன்னு கேட்டுச்சு. வீட்டுல உங்கண்ணன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். தீயணைக்கப் போனா இதுலதான் அவர் குரலைக் கேட்டு, ஆள் பத்திரம்னு மூச்சு விடுவேன். இப்ப சல்லடையில கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி வெறும் கொரகொரப்பு.

— அவங்க டிஜிட்டலுக்கு மாறிட்டாங்க. பேச்சை எண்களா மாத்தி அனுப்புறாங்க. அதைத் திரும்பப் பேச்சாக்க இந்த லேப்டாப்புல டிகோடர் இருக்கு. ஆனா ஸ்பீக்கருக்குப் போற சத்தத்தை ரேடியோ வடிகட்டித்தான் அனுப்பும். அதுல பாதி எண் காணாமப் போயிடும். வடிகட்டறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்.

— பிடி.

— வெச்சுட்டுப் போங்களேன். ரெண்டு நாள்ல தர்றேன்.

— உன் கை சும்மாத்தானே இருக்கு. நான் நகர மாட்டேன்.

— உங்களுக்கு உடும்புப்பிடி அண்ணி. சரி, டார்ச்சை இங்க காட்டுங்க. இன்னும் கீழ. ம், ஈயம் வெச்சாச்சு. இந்த முனை லேப்டாப்போட மைக் துளைக்கு.

— பச்சைக் கோடு குதிக்குதே.

— ரொம்பக் குதிக்குது. சத்தம் அதிகமானா டிகோடர் திணறும். குறைக்கிறேன். இப்ப?

— யாரோ வாயில தண்ணிய வெச்சுட்டுப் பேசுற மாதிரி இருக்கு.

— சிக்னல் தலைகீழா வருது. இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டா...

— "கண்ட்ரோல், மூணாம் வண்டி. ரெண்டாம் மாடி முடிஞ்சுது. உள்ள போன நாங்க எல்லாரும் வெளிய... வெளிய வந்தாச்சு."

— அவர்தான். நடுவுல இருமினதைக் கேட்டியா?

— இருக்காது அண்ணி. அண்ணன் எப்படி வண்டியில...

— ஏன் இருக்காது?

— உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

— இனிமே எதுக்கு மறைக்கிறே? சொல்லு.

— ரெண்டு மாசம் முன்னாடி டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். நுரையீரல் கெட்டிருக்கு, இனி புகைக்குள்ள காலே வைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தாரு. அதைக் காட்டி அண்ணன் ஆபீஸ்ல மேசை வேலைக்கு மாறிட்டாரு. கண்ட்ரோல்ல உக்காந்து பேசுறது கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான் நான் இழுத்தடிச்சேன்.

— மாறிட்டேன்னு யார் சொன்னது?

— அவரே சொன்னாரு.

— கடையைப் பூட்டு.

— எங்க அண்ணி?

— ஸ்டேஷனுக்கு. டாக்டர் எழுதின அந்தச் சீட்டை அவர் யார்கிட்டயும் காட்டவே இல்ல தம்பி. நேத்து துணி மடிக்கும்போது பீரோவுக்கு அடியில கிடைச்சுது, என் கைப்பையில இருக்கு.