மணல் கடிகாரத்தைக் காணவில்லை

— அந்த மணல் கடிகாரம் எங்க புள்ள? திரையில நிண்டு சுத்திக்கொண்டு ஈக்குமே.

— அது இனிமே வராது ஷுக்ரி நானா. அது வர்றதுக்குள்ள தேடி முடிஞ்சிருது.

— ஸ்டூடியோவில உள்ள படம் எல்லாத்தயுமா?

— எல்லாத்தையும். முன்னாடி நம்ம ஜாவா புரோகிராம் தோட்டத்து லயத்துல வீடு வீடா போற மாதிரி கதவத் தட்டுச்சு. ஒன் பேரு என்ன, தேதி என்ன, சைஸ் என்னன்னு ஒவ்வொரு ஃபைலுகிட்டயும் தனித்தனியா கேட்டுச்சு. இப்ப விண்டோஸோட சி ஃபங்ஷன நேரா கூப்பிட்டுட்டேன். அது, காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல மாதிரி, எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு ஒரே மூச்சுல பேர் எடுத்துருது.

— உன்னய ஆரு செய்யச் சொன்ன?

— நீங்கதான். ஒரு படம் தேடுறதுக்குள்ள பண்டாரவளைக்கு ரயிலே வந்துட்டுப் போயிருதுன்னீங்க.

— அது கதைக்குச் சொன்ன. நெசமாவே செய்வாய் எண்டு ஆரு நெனச்ச? ஜெயந்தினி, வெளியில பெஞ்சில ஆரு குந்திக்கொண்டு ஈக்கிற எண்டு பாரு.

— ஹல்துமுல்லை புவனேந்திரன் அண்ணன். வாராவாரம் கல்யாணப் படம் கேட்டு வர்றவரு. அவரு படத்தையும் தேடிட்டேன் நானா. இல்லன்னு வந்துச்சு.

— இல்ல எண்டு எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— மெல்லமாப் பேசு. அவர்ட கல்யாணத்தக் கம்ப்யூட்டருக்கு ஏத்த முந்தி, தெரியாம அதே மெமரி கார்டத் தொடச்சிட்டு என்ட மகன் ஹுமைத்ட பர்த்டேய எடுத்துட்டன். கல்யாணம் முழுக்க அழிஞ்சி போச்சி.

— அப்ப இவ்வளவு நாளா?

— ஞாயித்துக்கெழம வருவாரு. மணல் கடிகாரத்தக் காட்டுவன். இன்னும் தேடுது தம்பி எண்டு டீயும் ரோல்ஸும் குடுத்து பஸ் ஏத்தி அனுப்புவன். அலுத்துப் போய் வுட்டுருவாரு எண்டு பாத்தன். மனுசன் அலுக்கிறாரே இல்ல.

— உண்மையச் சொல்லிருங்க நானா.

— சொன்னா, ஹல்துமுல்லையில இருந்து பெரகல வரைக்கும் ஒரு கல்யாணமும் எனக்கு வராது. தை மாசம் நீயும் நானும் கடைய மூடிட்டு வானத்தப் பாக்க வேண்டியதுதான். பழய புரோகிராமயே திருப்பிப் போடு.

— மாட்டேன். நான் முழுசா எழுதி முடிச்ச மொத வேல இது.

— கொஞ்சம் சொணங்கி மெதுவாத் தேட வைக்கவாச்சும் ஏலாதா?

— சி-யில ஸ்லீப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. சொன்ன நேரம் வரைக்கும் சும்மா தூங்கும். அதையும் போட மாட்டேன். புவனேந்திரன் அண்ணே, உள்ள வாங்க. ஒங்க படம் இல்லீங்க. அழிஞ்சிருச்சு.

— தெரியும் தங்கச்சி. பலகைச் செவருதானே, எல்லாம் கேட்டுச்சு.

— தம்பி, அல்லாஹ்ட மேல ஆணையா, வேணுமெண்டு செய்யல்ல.

— அதுக்கென்னங்க மொதலாளி. எங்க மச்சான் எடுத்த படமே வீட்டுல ஆல்பம் ஆல்பமா கெடக்கு.

— அப்ப ஏன்ணே ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இங்க வர்றீங்க?

— ஞாயித்துக்கெழமைன்னா மாமனாரு மம்பட்டியக் கையில குடுத்து லீக்ஸ் பாத்திக்கு இழுத்துட்டுப் போயிருவாரு. படம் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க, நான் போகணும்னு சொன்னாதான் விடுவாரு. தங்கச்சி, அந்தத் தூங்குற ஃபங்ஷன, லீக்ஸ் புடுங்கி முடியிற வரைக்குமாவது போட்டு விட முடியுங்களா?