பொன்னியம்மாளின் புருவம் உயர்ந்த கதை

விழாத் தலைவர் அவர்களே! வெயிலை வென்று வேங்கிக்கால் வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் பொறுமையும் ஏந்திய தாய்மார்களே! இன்று நாம் பாராட்டக் கூடியிருக்கிற, நம் ஊர் பெற்றெடுத்த மருத்துவர் நூரைன் அவர்களே! கீழ்பென்னாத்தூர் தசரதன் கைகூப்புகிறேன்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதும் பொன்னியம்மாளை அறியாதவர் உண்டா? முத்து முத்தான எழுத்து! மூன்றே வரியில் முறையீட்டை முடிக்கும் மூளை! ஆனால் முகம்? புருவம் இரண்டும் சரிந்து இமைமேல் இறங்கிவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்தாலும் சீறுவதுபோல் தெரியும். "இந்தம்மா ஏதோ கடுப்புல கீறாங்க, வா போலாம்"னு சொல்லி மக்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். திங்கட்கிழமை தோறும் திருவிழாக் கூட்டம். அவர் மட்டும் ஈ ஓட்டினார். மேசையையே எடுத்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டார், அய்யா!

அப்போதுதான் நம் மருத்துவரிடம் போனார். மருத்துவர் சொன்னார்: "கேமரா வெச்ச சின்னக் குழாய்மா. தலையில நாலஞ்சு சின்னக் கீறல் போட்டு, உள்ளாறயே புருவத்தத் தூக்கி நிறுத்திடலாம்."

தலையில் கீறுவதென்றால் எப்படியும் மழிப்பார்கள். அந்த முடியை அண்ணாமலையாருக்கே கொடுத்துவிடுவோமே என்று, மொட்டை போட்டு, சந்தனம் பூசி, ஆபரேஷனுக்கு வந்து நின்றார் பொன்னியம்மாள்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்!

"அய்யோ பொன்னிம்மா! தழும்பு தெரியாம மறைக்கத்தானே முடி வேணும்!"

"அப்ப அவ்ளோதானா டாக்டர்?" கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"யாரு சொன்னா? முடி வளரட்டும். நான் எங்கியும் போமாட்டேன்."

போகவில்லை! ஐந்து மாதம், மாதந்தோறும் அவரே போன் போட்டு, "எவ்ளோ வளந்துச்சு?" என்று கேட்டார். கத்தி பிடிக்கிற கைக்கு இத்தனை கனிவா? கருவி மட்டும் செய்யுமா இந்தக் காரியத்தை? அந்தக் கையைத்தான் வணங்குகிறேன்.

சிகிச்சை முடிந்து பொன்னியம்மாள் மேசைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை ஒரு ஆள் வந்து நின்றார். "புதுசா வந்திருக்கீங்களாம்மா? இங்க ஒரு கோவக்காரம்மா இருந்தாங்களே?"

பொன்னியம்மாள் சிரித்தார். "அவங்க போயிட்டாங்க. உக்காருங்க. என்னா மனு?"

யார் அந்த ஆள் என்கிறீர்களா? அதோ, பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்கிறார்! நான்தான் அய்யா! மூன்று வருடம் அந்த மேசையைத் தாண்டித் தாண்டிப் போனவன் நான்தான்! பார்வை பழுதானது எனக்கு; கீறலைத் தாங்கியது அவர்! இது நியாயமா? என் கண்ணுக்கு எந்த மருத்துவர் குழாய் விடுவார்?

இனி ஒரு முகம் கடுகடுவென்று தெரிந்தால், ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். மருத்துவருக்கு என் நன்றி. மன்றத்துக்கு என் வணக்கம். பொன்னியம்மா, உங்களிடம் மன்னிப்பு.