பச்சையடிக்கும் முகம்

ஷௌகி: போதும் ஜிர்ஜிஸ், கையில இருக்கிற கம்ப்யூட்டரையே கட்டிக் குடு. கிளம்புறோம்.

இனாஸ்: இருங்க... இன்னும் எதையுமே பார்க்கல, அதுக்குள்ள எங்க ஓடுறீங்க?

ஷௌகி: ஹாஜ் தர்வீஷ் காலைலேருந்து போன் மேல போன். பொண்ணும் மாப்பிள்ளையும் தேனிலவே போயிட்டு வந்துட்டாங்களாம், கல்யாண வீடியோ எங்கேன்னு...

ஜிர்ஜிஸ்: பழைய கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு, மேடம் இனாஸ்?

இனாஸ்: பொண்ணு மாடிப்படி இறங்குற இடத்துல உறைஞ்சு போயிடுது. நான் டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் அவ ஒரு கால் அந்தரத்துலயே நிக்கிறா.

ஜிர்ஜிஸ்: ராம் எவ்வளவு?

ஷௌகி: எட்டு ஜிபி.

ஜிர்ஜிஸ்: அட உஸ்தா! எட்டுல கடிதம் அடிக்கலாம், கல்யாணம் எடிட் பண்ண முடியுமா? முப்பத்திரண்டு போடுறேன். பிராசசரும் உசத்தியா வேணும், கிராபிக்ஸ் கார்டு தனியா...

ஷௌகி: சரி, போடு. சீக்கிரம்.

ஜிர்ஜிஸ்: டிஸ்க் ரெண்டு. எடிட் பண்ண வேகமான எஸ்எஸ்டி. முடிஞ்ச கல்யாணத்தை எல்லாம் மூட்டை கட்டிப் போட ஒரு பெரிய டிஸ்க்.

இனாஸ்: எங்க கல்யாணத்தையும் அதுலயே போட்டுடு.

ஷௌகி: பார்த்தியா ஜிர்ஜிஸ், கடையிலயும் விட மாட்டேங்கிறா... முடிஞ்சுதா?

ஜிர்ஜிஸ்: திரை பாக்கி. ரெண்டுலயும் ஒரே படம் ஓடுது, பாருங்க.

ஷௌகி: ரெண்டும் ஒண்ணுதான். விலை குறைஞ்சதைக் குடு.

ஜிர்ஜிஸ்: ஒண்ணா! இதுல பொண்ணு முகம் பச்சையடிக்குதே, தெரியலையா?

ஷௌகி: ...தெரியுது, தெரியுது. உன் கடை வெளிச்சம் அப்படி.

இனாஸ்: நிறம் சரியாக் காட்டுறதையே குடுப்பா. புதுசா ஒண்ணு உள்ளேயிருந்து எடுத்துட்டு வா.

ஜிர்ஜிஸ்: இதோ, மேடம்...

ஷௌகி: எதுக்கு வீண் செலவு? வல்லாஹி, சத்தியமாச் சொல்றேன், உனக்குப் பிடிவாதம்...

இனாஸ்: அவன் போயிட்டான். இந்தப் பொண்ணோட சால்வை என்ன நிறம்?

ஷௌகி: என்ன, பரீட்சையா?

இனாஸ்: சும்மா சொல்லுங்களேன்.

ஷௌகி: ...பழுப்பு.

இனாஸ்: சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு. எனக்குத் தெரியாமப் போய்ப் பார்த்தீங்களே, அந்தக் கண் டாக்டர் என்ன சொன்னார்?

ஷௌகி: எந்த டாக்டர்... நரம்பாம். போன நிறம் திரும்பாதாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு... நம்ம தொழிலே அதுதானே, இனாஸ். ஊர்ல யாருக்காவது தெரிஞ்சா ஒருத்தன் கூப்பிடுவானா? உனக்கு எப்போலேருந்து தெரியும்?

இனாஸ்: ரமலானுக்கு முன்னாடி நீங்க முடிச்சு வச்ச கல்யாணத்துல பொண்ணு மூஞ்சி கத்திரிக்காய் மாதிரி இருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன்... அன்னிலேருந்து நீங்க முடிச்ச ஒவ்வொண்ணையும் வெளியே குடுக்கிறதுக்கு முன்னாடி நான்தான் உக்காந்து நிறம் மாத்துறேன். ஒருத்தரும் குறை சொல்லல, இல்ல?